புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்

மார்ச் மாதம் வந்தால் எங்கள் வீட்டில் தொலைக்காட்சிக்கு ஓய்வு. பேத்திக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு. ஒரே பாடத்தை நான்கு முறை படித்து, மஞ்சள் பேனாவால் பக்கம் முழுவதும் கோடு போட்டுவிட்டு, "எல்லாம் தெரியும் தாத்தா" என்றாள். புத்தகத்தை வாங்கி மூடி ஒரு கேள்வி கேட்டேன். விழித்தாள். அறுபது ஆண்டுகளுக்கு முன் நானும் இப்படித்தான் விழித்தேன்.

1966-இல் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்துப் 'பிரெவே' தேர்வு எழுதினேன். முந்திய இரவு முழுவதும் சரித்திரப் புத்தகத்தை வாய்விட்டு வாசித்தேன். மறுநாள் தாளைப் பார்த்ததும் 1789-க்கும் 1815-க்கும் இடையில் நடந்தது எதுவும் நினைவுக்கு வரவில்லை. தேறவில்லை. அப்பா மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

தாத்தாதான் என்னைக் கைதூக்கி விட்டார். அவர் திண்ணைப் பள்ளியில் படித்தவர். முந்திரி, மாகாணி, அரைக்கால் என்று பின்ன வாய்பாடுகளை எண்பது வயதிலும் தடங்காமல் சொல்வார். அந்தக் காலத்துப் பள்ளிகளில் ஒரு வழக்கம் இருந்தது. மாலையில் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பும்போது வாத்தியார் ஒவ்வொருவருக்கும் ஒரு பூ, ஒரு பறவை, ஒரு விலங்கு என்று பெயர்கள் சொல்லி அனுப்புவார். மறுநாள் காலையில் அவற்றை மறக்காமல் சொல்ல வேண்டும். உ.வே.சாமிநாதையர் தம் சுயசரிதத்தில் இதை எழுதியிருக்கிறார். விளையாட்டுப் போலத் தோன்றும். ஆனால் ஓர் இரவு இடைவெளி விட்டு நினைவைச் சோதிப்பதுதான் அதன் சூட்சுமம்.

அந்தப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்றொருவன் இருப்பான். பெரிய மாணவன் சிறியவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பான். சொல்லிக் கொடுக்கும்போது அவனுக்கும் பாடம் உறைக்கும். 1789-இல் சென்னை எழும்பூர் அநாதைப் பிள்ளைகள் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தம் பள்ளியிலும் கொண்டுவந்தார். மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கே நடத்திப் பார்த்து 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவியது.

மறதியை முதலில் அளந்தவர் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர். பொருளில்லாத அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து தம்மையே சோதித்து, 1885-இல் முடிவுகளை வெளியிட்டார். ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போய்விடுகிறது. ஒரு நாளில் மூன்றில் இரண்டு பங்கு போகிறது. பிறகு மறதி மெதுவாகிறது. ஒரு மாதம் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சுகிறது. கடைசி இரவில் எல்லாவற்றையும் திணித்துக்கொள்வதைவிட, நாள் விட்டு நாள் பிரித்துப் படிப்பது நிற்கும் என்பதையும் அவரே கண்டார்.

2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பகுதியை நான்கு முறை படித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 40 சதவீதம் நினைவிருந்தது. ஒரே முறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம்.

இந்தக் கணக்கெல்லாம் தாத்தாவுக்குத் தெரியாது. விடியற்காலையில் என்னைக் கடற்கரைக்கு அழைத்துப் போவார். புத்தகம் அவர் கையில், மூடியபடி இருக்கும். முந்திய நாள் படித்ததை நான் நடந்துகொண்டே சொல்ல வேண்டும். அதே பாடம் மூன்றாம் நாள் ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை. அவருக்குப் பிரெஞ்சு ஓரெழுத்தும் தெரியாது. ஆனால் நான் எங்கே தடுமாறினேனோ அங்கே நின்றுவிடுவார். "இதை மட்டும் போய்ப் பார்" என்பார். மறுவருடம் தேறினேன். அந்தச் சான்றிதழ்தான் பிறகு எனக்கு அரசு வேலை வாங்கித் தந்தது.

நேற்றிரவு பேத்தி இயற்பியல் புத்தகத்தை என்னிடம் நீட்டினாள். "உங்களுக்கு இது புரியாதே தாத்தா?" என்றாள்.

"புரிய வேண்டாம். நீ எங்கே நிற்கிறாய் என்று எனக்குத் தெரியும். சொல்லு" என்றேன்.