கற்பிட்டிக் களப்பும் ஒரு தோள்பையும்

கனடாவில் வளர்ந்த என் தங்கையின் மகன் புத்தளம் கரையோரத்தைப் படம் பிடிக்க வரப்போகிறானாம். கமராவையும் அன்றாடப் பொருட்களையும் ஒன்றாகக் கொண்டு திரிய எத்தகைய பையை வாங்கலாம் என்று கேட்டு எழுதியிருந்தான். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தோளில் பை சுமந்த மாமாவுக்கு இது தெரியாமலா இருக்கும் என்பது அவன் நம்பிக்கை. இரண்டு வரியில் பதில் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. அதே கரையில் ஒரு பையினால் நான் அடைந்த வெட்கம் குறுக்கே வந்து நின்றது. அதைச் சொல்வதற்கு முன்னர் சற்றுப் பழைய கதைக்குப் போக வேண்டும்.

அந்தக் கரைக்கு வந்து, பார்த்ததை எழுதி வைத்த வெளிநாட்டுப் பயணிகளுள் முதன்மையானவர் இபுன் பதூதா. 1344ஆம் ஆண்டில் அவர் இறங்கிய 'பத்தாலா' என்னும் துறை புத்தளமே என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. அங்கே ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். சிவனொளிபாத மலைக்குப் போகும் வழியில் அவர் குறிப்பிடும் 'சலாவாத்' சிலாபமாகக் கொள்ளப்படுகிறது. இவையெல்லாம் பாடப்புத்தகத்தில் உள்ளவை. பாடப்புத்தகத்தில் இடம்பெறாதது ஒன்றுண்டு. இலங்கையை விட்டுச் சென்றபின், மலபார்க் கரைக்கு அப்பால் கடற்கொள்ளையர் அவரை மறித்தார்கள். இலங்கை மன்னன் கொடுத்த இரத்தினங்கள், உடைகள், வழிக்கென்று பெரியோர்கள் தந்தவை யாவும் பறிபோயின. காற்சட்டை ஒன்றுதான் மிஞ்சியது என்று அவரே சொல்கிறார். இரத்தினம் போனது பற்றி எனக்குப் பெரிய துக்கமில்லை. ஆனால் புகாரா நகரில் அறிஞர்களின் கல்லறைகளிலிருந்து தாம் பிரதி செய்து வைத்திருந்த குறிப்புகளும் கடலில் கொள்ளை போனவற்றோடு சேர்ந்து போயின என்று வேறோரிடத்தில் எழுதுகிறாரே, அந்த வரியை எந்தப் பத்திரிகையாளனாலும் எளிதில் கடந்துபோக முடியாது. பல ஆண்டுகளுக்குப் பின் மொரோக்கோவில் உட்கார்ந்து அவர் தம் பயணக் கதையைச் சொல்லி எழுதுவித்தபோது, நினைவை நம்பித்தான் பெரும்பகுதியைச் சொல்லியிருக்க வேண்டும்.

இனிக் கமராவுக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டில் ஈரத்தகட்டு முறையில் படமெடுத்தவர்களுக்குப் பை என்ற பேச்சே இல்லை. தகடு காய்வதற்குள் கழுவியாக வேண்டும் என்பதால் கண்ணாடித் தகடுகள், இரசாயனப் போத்தல்கள், இருட்டுக் கூடாரம் என்று எல்லாவற்றையும் கூடவே கொண்டு போனார்கள். அதற்கு வண்டியோ கூலியாட்களோ வேண்டும். 1888இல் கொடக் பெட்டிக் கமராவும் 1925இல் லைக்காவும் வந்த பிறகே கமரா தனியொருவர் கையில் அடங்கிற்று. ஆனாலும் நெடுங்காலம் அதன் உறை தோற்பெட்டியாகவே இருந்தது. விறைத்த பெட்டி, தூரத்திலிருந்தே 'இதோ கமரா' என்று ஊருக்கு அறிவிக்கும் பெட்டி.

அந்தப் பெட்டியை மென்மையான பையாக்கியதில் மீன்பிடிக்கும் ஒரு பங்குண்டு என்று அறிந்தபோது வியந்துபோனேன். இங்கிலாந்தில் 1973இல் தொடங்கிய பில்லிங்ஹாம் நிறுவனம் தூண்டில்காரர்களுக்கான பைகளைத்தான் முதலில் தைத்தது. நியூயோர்க்கில் அவற்றைப் படப்பிடிப்பாளர்கள் வாங்கிக் கமரா வைக்கிறார்கள் என்பது அந்தத் தசாப்தத்தின் பிற்பகுதியில் தெரியவந்த பின்னரே கமராப் பைக்கு மாறியது. ஏறத்தாழ அதே காலத்தில், ஃபிலடெல்ஃபியா இன்குவையரர் பத்திரிகையின் படப்பிடிப்பாளர் ஜிம் டொம்கி தமக்கு ஒத்துவரும் பையைத் தாமே வடிவமைத்தார். கித்தான் துணியாலான, உடம்போடு ஒட்டித் தொங்கும் எளிய பை அது. எங்கள் தொழிலைச் சேர்ந்த ஒருவர் செய்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்.

மீனவன் பையின் அருமையை நாம் இங்கிலாந்தில் போய்த் தேட வேண்டியதில்லை. பனையோலையில் இழைத்த உமல் நம் கரைகளில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கியது. நீர் வடிந்துவிடும், காற்றுப் புகும், கெட்டுப்போனால் புதிதாக ஒன்று இழைத்துக்கொள்ளலாம். நனையக் கூடாததை மீனவர் அதற்குள் வெறுமனே போடமாட்டார். நானோ படித்தவன், அந்தச் சிறு விவரம் எனக்குத் தெரியவில்லை.

1990 ஒக்டோபர் இறுதியில் வட மாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30ஆம் திகதி கொடுக்கப்பட்டது இரண்டு மணி நேர அவகாசம். மன்னார்த் தீவிலிருந்தோர் வள்ளங்களில் கற்பிட்டிக்கு வந்து சேர்ந்தனர். அங்கே ஒரு குடும்பம் ஐந்து பயணப் பைகளையும், 2,000 ரூபாய்ப் பணத்தையும், ஒரு பவுண் நகையையும் எடுத்துச் செல்லலாம் என்று கணக்கு வகுக்கப்பட்டதாகப் பதிவுகள் கூறுகின்றன. யாழ்ப்பாணத்தில் அனுமதித்தது அதனிலும் சொற்பம். வடக்கு முழுவதுமாக 70,000க்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சமடைந்தனர். தமிழில் எழுதும் ஒருவனாக இதை எழுதும்போது கை கூசுகிறது. எழுதாமல் விட்டால் இன்னும் கூச வேண்டியிருக்கும். ஒரு முழு வாழ்க்கையை ஐந்து பைகளுக்குள் அடைக்கச் சொன்னால் எதை எடுப்பது, எதை விடுவது? குழந்தையின் உடுப்பா, காணி உறுதியா, சுவரில் தொங்கும் கலியாணப் படமா?

அடுத்த ஆண்டு, பத்திரிகைக்கு வந்து பன்னிரண்டு மாதம் நிறையாத நான் கற்பிட்டிப் பக்கத்தில் கிடுகுக் கொட்டில்களாலான ஒரு முகாமுக்குப் போனேன். தோளில் ஒரு துணிப் பை. அதற்குள் இரவல் வாங்கிய கமரா, குறிப்புப் புத்தகம், சாரம், துவாய். முதியவர் ஒருவர் அருகில் வந்தார். "தம்பி, எங்களெ ஒரு படம் புடிச்சுத் தாங்க. ஊட்டுல இருந்த படமெல்லாம் அங்கயே போயிட்டு" என்றார். மனைவியையும் பேரப்பிள்ளைகளையும் அழைத்து வந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றார். எடுத்தேன். பிரதி கொண்டுவந்து தருவதாக வாக்கும் கொடுத்தேன்.

அன்று மாலை களப்பைக் கடந்து எதிர்க்கரைக்குப் போக ஒரு வள்ளத்தில் ஏறினேன். "பையெக் கீழ வைக்காதீங்க தம்பி" என்றார் வள்ளக்காரர். அவருடைய வெற்றிலையும் சுருட்டும் பொலித்தீனில் சுற்றி மடியில் இருந்தன. எனக்கோ தோள் வலி. காலடியில் வைத்துவிட்டு அந்தி வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வள்ளத்தின் அடியில் எப்போதும் தண்ணீர் நிற்கும் என்பதை எதிர்க்கரையில் பையைத் தூக்கியபோதுதான் அறிந்தேன். கமராவின் வாயிலிருந்து உப்புநீர் ஒழுகியது. கொழும்பில் கழுவிப் பார்த்தபோது பிலிம் ஒன்றோடொன்று ஒட்டி, படலம் உரிந்து வந்தது. கமராவுக்கான பணத்தைத் தவணையில் கட்டித் தீர்த்தேன். அதைப் பற்றி எனக்குக் குறையில்லை. சில மாதங்கள் கழித்துத் திரும்பிப் போனபோது அந்தக் கொட்டிலில் வேறொரு குடும்பம் இருந்தது.

ஆகவே மருமகனுக்கு இப்படி எழுதினேன். கமராப் பை என்று பார்த்தவுடன் தெரியும் பையை வாங்காதே. தோளுக்குக் குறுக்காகப் போடக்கூடிய, உட்கார்ந்தால் மடியில் அடங்கும் கித்தான் பையே போதும். உள்ளே கமராவுக்கென்று பஞ்சு வைத்த தனியறை இருக்கட்டும். தண்ணீர்ப் போத்தல் எக்காரணம் கொண்டும் வெளியறையில்தான். உலோகச் சிப்பை அந்த உப்புக்காற்று சில மாதங்களில் இறுக்கிவிடும், மூடியும் வார்ப்பூட்டும் உள்ளதைப் பார். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று மணலை வாரி இறைக்கும். கண்டக்குளிப் பக்கம் திறந்த பையோடு நிற்காதே. மீனவர் வீட்டில் கேட்டால் தடித்த பொலித்தீன் ஒன்று தருவார்கள், அதை மடித்து அடியில் வை. எடுத்த படங்களை அன்றிரவே பிரதி செய்து, நினைவக அட்டையை உடம்போடு வைத்துக்கொள். பாரம் ஐந்து கிலோவைத் தாண்டினால் நீ எங்கேயாவது கீழே வைப்பாய். கீழே வைத்தால் என்ன ஆகும் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

அவன் உடனே பதில் போட்டான். நல்ல பிள்ளை, ஆனால் பத்திரிகைக்காரனின் கேள்வி அவனுக்கும் வருகிறது. "மாமா, அந்தத் தாத்தாவின் பெயரை வைத்து மற்ற முகாம்களில் விசாரித்திருக்கலாமே?"

பெயரை நான் கேட்டிருந்தேன். எருக்கலம்பிட்டியில் அவருடைய வீடு எந்த ஒழுங்கையில் இருந்தது என்பதுவரை கேட்டு, மைப்பேனையால் குறிப்புப் புத்தகத்தில் எழுதியிருந்தேன். அந்தப் புத்தகமும் அதே பையின் அடியில்தான் கிடந்தது.