தேறல் முதல் 42.8 வரை

பதிவு கொஞ்சம் நீளம். படித்துவிட்டு "வாத்தியாருக்கு இந்த வயசுல என்ன ஆச்சு" என்று யாரும் வீட்டுக்குப் போன் போட வேண்டாம். நான் காப்பிக்கு மேல் எதையும் தொட்டதில்லை.

என்னிடம் படித்த காசிமேட்டுப் பையன் ஒருவன் உல்லாசக் கப்பலில் ஒயின் பரிமாறுகிறான். ஒவ்வொரு பாட்டிலின் மணத்தையும் சுவையையும் விருந்தாளிக்கு விவரித்துச் சொல்வதுதான் வேலை. அதற்குப் பரீட்சையே எழுதித் தேறியிருக்கிறான். ஆனால் அவன் அம்மா ஆறு மாதமாக அவனோடு பேசவில்லை. அவன் அப்பா குடியால் போனவர். "சார், என் வேலையை அம்மாகிட்ட எப்படி சொல்றது? தமிழ்ல இதுக்கு வார்த்தையே இல்லையே" என்றான். வார்த்தை இல்லை என்றதும் எனக்குப் பொறுக்கவில்லை. அவனுக்கு எழுதியதை அவன் சம்மதத்தோடு இங்கே போடுகிறேன்.

வார்த்தையா இல்லை? கள், நறவு, மட்டு, தோப்பி, பிழி, அரியல், தேறல் என்று சங்க நூல்களில் எத்தனை! தெளிந்தது தேறல், அரித்தெடுத்தது அரியல், பிழிந்தெடுத்தது பிழி. செய்முறையே பெயராகிவிட்டது. புறநானூற்றில் ஔவையார் நாள்பட்ட தேறலின் கடுப்பைத் தேள் கொட்டியதோடு ஒப்பிடுகிறார். மலைபடுகடாத்தில் மூங்கில் குழாயில் முதிர்ந்த தேறல் வருகிறது. பீப்பாயில் ஊறவைத்து மரத்தின் மணம் ஏற்றும் ஸ்காட்லாந்துக்காரர் இதைப் படித்தால் தலையாட்டுவார்.

நம் தொண்டை மண்டலத்தைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில் இன்னும் நெருக்கமான காட்சி. வலைஞர் குடியிருப்பில் குற்றாத அரிசியைக் களியாகக் காய்ச்சி, ஆறவைத்து, நெல்முளையை இடித்துச் சேர்த்து, இரண்டு பகல் இரண்டு இரவு சாடியில் வைத்து, விரலால் அலைத்து வடிக்கிறார்கள். தொட்டுக்கொள்ளச் சுட்ட மீன். முளைகட்டிய தானியம்தான் இன்றைய 'மால்ட்'. மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கும் நொதி அந்த முளையில் இருக்கிறது. வேதியியல் தெரியாமலே மீனவக் குடும்பம் அதைச் செய்துகொண்டிருந்தது.

அயல்நாட்டுச் சரக்கும் வந்தது. 1945-ல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியபோது ஆம்போரா எனும் இருகைப்பிடிச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. அவற்றில் கிரேக்கக் கோஸ் தீவின் சாடி வகையும் உண்டு. கோஸ் ஒயினில் கடல்நீர் கலப்பது வழக்கம். உப்புக் கரிக்கும் ஒயின்!

பிறகு கம்பெனிக் காலம். கோட்டை வெள்ளைக்காரர்கள் விரும்பிக் குடித்தது மதேரா. ஆப்பிரிக்காவுக்கு மேற்கே உள்ள தீவின் ஒயின், கெடாமலிருக்க வடிசாராயம் சேர்த்தது. கப்பல் வெப்ப மண்டலத்தைக் கடக்கும்போது பீப்பாய்கள் மாதக்கணக்கில் வெயிலில் வெந்து, ஆடிக் குலுங்கும். கெடவேண்டிய ஒயின் அதனால் கூடுதல் சுவை பெற்றது. சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கட்டும் வேலை தொடங்கியதே 1870-களில்தான். அதுவரை கப்பல் தூரத்தில் நிற்கும். ஆணியே இல்லாமல் தென்னங்கயிற்றால் தைத்த மசூலா படகில்தான் எல்லாம் அலைதாண்டிக் கரைக்கு வரும். சீமை மேசையில் புகழப்பட்ட கோப்பைக்குப் பின்னால் நம் கரைக்காரன் தோள் இருந்தது. பாட்டில்களில் அவன் பெயர் ஏது?

1826-ல் ஆங்கஸ் மெக்டவல் என்பவர் சென்னையில் சாராய, ஒயின் இறக்குமதி வணிகம் தொடங்கினார். கடற்கரை இரண்டாம் சாலையில் இருந்த அந்தக் கம்பெனியை 1951-ல் விட்டல் மல்லையா வாங்கினார். பிராண்டு இன்றும் உண்டு.

கடைப் பாட்டிலில் 42.8 சதவீதம் என்று இருக்குமே, அதென்ன கணக்கு? அந்தக் காலத்தில் சாராயத்தை வெடிமருந்தில் ஊற்றிப் பற்றவைப்பார்களாம். எரிந்தால் 'புரூஃப்', அதாவது அசல். பின்னால் ஹைட்ரோமீட்டர் வந்து, பிரிட்டிஷ் கணக்கில் புரூஃப் என்பது சுமார் 57.1 சதவீதம் என்று நின்றது. இந்தியாவில் அதில் 75 பாகம். பெருக்கிப் பாருங்கள், 42.8. வெள்ளைக்காரன் போனான், அவன் பின்னம் போகவில்லை.

சுவைச் சொற்கள் எங்கே போயின? என் கணிப்பு இது. 1937-ல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948-ல் மாகாணம் முழுக்கப் பரவியது. 1971-ல் தளர்ந்து, 1974-ல் மீண்டும் வந்து, 1981-ல் மறுபடி போனது. ஒளித்துக் குடிப்பவன் ருசி பார்க்க மாட்டான், விழுங்குவான். அதனால் மிஞ்சியவை குவார்ட்டர், கட்டிங், கிக். எல்லாம் அளவும் போதையும்தான். சுவைக்கு ஒன்றுகூட இல்லை.

அவன் அம்மாவின் கோபத்தை நான் குறைசொல்ல மாட்டேன். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் மெத்தனாலுக்குப் பலியானார்கள். எவ்வளவு தேர்ந்த நாக்கும் அதை நம்பிக் கண்டுபிடிக்க முடியாது. மணமும் சுவையும் ஏறக்குறைய எத்தனால் மாதிரியே. உடலுக்குள் போய் ஃபார்மிக் அமிலமாகிக் கண் நரம்பைத் தாக்கும்போதுதான் தெரியும். மணலி, எண்ணூர்ப் பக்கம் ரசாயன ஆலைகளில் வேலை பார்க்கும் என் மாணவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

பையனுக்கு எழுதிய யோசனை இவ்வளவுதான். சிவப்பு ஒயினின் 'டானின்' பற்றி அம்மாவிடம் சொல்ல, துவர்ப்பு என்று சொல். வாழைப்பூ, நாவற்பழம், கடுக்காய் தெரிந்த அவருக்குச் சட்டென்று புரியும். ஸ்காட்லாந்தின் ஐலா தீவு விஸ்கி பற்றிச் சொல்ல, தார், ஈரக்கயிறு, கடற்பாசி, புகை என்று சொல். அந்தத் தீவின் விஸ்கியை உலகமே அப்படித்தான் விவரிக்கிறது. அந்த மணமெல்லாம் காசிமேட்டில் பிறந்தவருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

போன வாரம் அம்மாவுக்குப் போன் செய்திருக்கிறான். எல்லாம் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "வாயில ஊத்திக் கொப்புளிச்சிட்டுத் துப்பிடுவியாமே, நெஜமாவா?" ஆமாம், துப்பத் தனிப் பாத்திரமே வைத்திருக்கிறார்கள் என்றானாம்.

"இத உங்கப்பனுக்கு யாராவது சொல்லிக் குடுத்திருக்கக் கூடாதா" என்றாராம். அப்புறம், சாப்பிட்டியா என்று கேட்டிருக்கிறார்.