அழுக்குப் படங்களின் கதை – 6: லட்சம் கோடி அடிகள்

ஹாம்பர்க்கில் எர்ன்ஸ்ட் ஐசிங்கின் காந்தங்களோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். வரிசையாக நிற்கும் குட்டிக் காந்தங்கள். பக்கத்துக் காந்தம் பார்க்கும் திசையையே தானும் பார்க்க விரும்புபவை. 1925-இல் வெளிவந்த இந்தக் கணக்குக்கும், புள்ளி புள்ளியாய்ச் சிதைந்துபோன ஒரு படத்துக்கும் என்ன உறவு?

அந்த உறவை உலகமே பேசும்படி செய்தவர்கள் ஜெமான் சகோதரர்கள். ஸ்டூவர்ட், பிரவுன் பல்கலைக்கழகம். டொனால்ட், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம். 1984-இல் இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையில் ஒவ்வொரு பிக்சலும் ஒரு காந்தம். சுற்றிலும் வெள்ளை இருக்க நடுவில் ஒரு கருப்பு என்றால், பெரும்பாலும் அது இரைச்சல். ஆகவே இரண்டு அபராதங்கள்: கேமரா பதிந்ததை மாற்றினால் ஒன்று, அண்டைப் பிக்சலோடு முரண்பட்டால் இன்னொன்று. மொத்த அபராதம் எதில் மிகக் குறைவோ அதுவே நல்ல படம். கருப்பு, வெள்ளைக்குப் பதிலாகக் காடு, வயல், நீர் என்று பெயரிட்டால், இதே கணக்கு செயற்கைக்கோள் படத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்தும் தரும்.

தேடுவதில்தான் சிக்கல். 64-க்கு 64 அளவுள்ள சின்னஞ்சிறு கருப்பு-வெள்ளைப் படத்தில் 4,096 பிக்சல்கள். சாத்தியமான படங்களின் எண்ணிக்கையை எழுத 1,234 இலக்கங்கள் வேண்டும்.

சகோதரர்கள் கொல்லர் பட்டறை வழியைப் பிடித்தார்கள்: காய்ச்சி, மெதுவாக ஆறவிடுவது. ஒரு பிக்சலை எடு, அண்டை அயலைப் பார், அவர்கள் பக்கம் சாயும் பகடையை உருட்டி நிறத்தை முடிவு செய்; இது ஓர் அடி. வெப்பம் அதிகமாக இருக்கும்போது பகடை தாறுமாறாக விழும். சுற்றுவட்டாரத்தில் மட்டும் அபராதம் குறைவான ஒரு குழியில் சிக்கிய படமும் வெளியேறிவிடும். போதிய அளவு மெதுவாக ஆறவிட்டால் மிகச் சிறந்த படம் கிடைத்தே தீரும் என்று நிரூபித்தும் காட்டினார்கள். அபாரமான தேற்றம்!

எவ்வளவு மெதுவாக? இங்கேதான் இடி விழுகிறது. ஆயிரம் அடிகளில் எட்டிய வெப்பத்தைப் பாதியாக்கப் பத்து லட்சம் அடிகள். அதையும் பாதியாக்க ஒரு லட்சம் கோடி. எந்தக் கணினி தாங்கும்? வேகமாக ஆறவிட்டார்கள், படங்கள் நன்றாகவே வந்தன. ஆனால் தேற்றத்தின் காவல் அவற்றுக்கு இல்லை.

1986-இல், இங்கிலாந்தின் டர்ஹாமிலிருந்து ஜூலியன் பெசாக் பகடையையே தூக்கி எறிந்தார். அண்டைப் பிக்சல்கள் இப்போது இருக்கிற நிலையில் எந்த நிறம் சிறந்ததோ அதை வை, அடுத்ததற்குப் போ. சில சுற்றுகளில் வேலை முடியும். முதலில் அகப்பட்ட குழியிலேயே படம் நின்றுவிடும், உண்மைதான். ஆனால் வேகத்துக்காக மட்டும் அவர் இதைச் சொல்லவில்லை. அண்டை வீட்டுக்குப் பொருந்தும் விதி ஊர் முழுவதற்கும் பொருந்துமா என்று கேட்டார். அந்த 'மிகச் சிறந்த' படமே எல்லாவற்றையும் ஒரே நிறமாக மெழுகிவிடலாம் என்று சந்தேகப்பட்டார். அந்தக் கட்டுரையின் உயிர் இந்தச் சந்தேகம்தான் என்பேன்.

அவர் சொன்னது சரியா? மிகச் சிறந்த படத்தைக் கண்ணால் பார்த்தால்தானே தெரியும்!

1989-இல் பார்த்துவிட்டார்கள். அதே டர்ஹாமில் கிரெக், போர்ட்டியஸ், சேஹல்ட் ஆகிய மூவர், இருநிறப் படங்களுக்குத் துல்லியமான விடையைக் கண்டுபிடித்தார்கள். பகடை இல்லை, வெப்பமும் இல்லை. அவர்கள் எடுத்த கருவியின் பூர்வீகம் 1955-இல் ஹாரிஸ், ராஸ் என்ற இரு அமெரிக்கர்கள் சோவியத் ரயில் பாதைகளை எங்கே வெட்டலாம் என்பதைப் பற்றி எழுதிய ஓர் அறிக்கை. 1999 வரை அந்த அறிக்கை ராணுவ ரகசியம்.

ரயில் பாதையை வெட்டும் திட்டம் ஒரு படத்தை எப்படிச் சுத்தம் செய்தது? துல்லியமான அந்த விடை பெசாக்கின் அவசர விடையைத் தோற்கடித்ததா? அடுத்த வாரம்.