தண்ணீர் தேடி இடம்பெயர்ந்த மரங்கள்

1923 செப்டம்பர் 1. நண்பகலுக்கு இரண்டு நிமிடம் முன்பு காந்தோ சமவெளி குலுங்கியது. மதியச் சமையலுக்காக வீடுதோறும் அடுப்பு எரிந்துகொண்டிருந்த நேரம். மரவீடுகள் நெருக்கியடித்து நின்ற டோக்கியோவில் நிலநடுக்கத்தைவிடத் தீ அதிக உயிர்களைக் குடித்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். தப்பிப் பிழைத்தவர்களில் தங்கோசாகா, செந்தாகி பகுதிகளில் தலைமுறை தலைமுறையாகப் போன்சாய் எனும் தொட்டி மரம் வளர்த்துவந்த தோட்டக்காரர்களும் இருந்தார்கள்.

அந்த வட்டாரம் தோட்டக்கலைக்குப் பேர்போனது. சாமந்திப் பூக்களால் உடை தைத்த பொம்மைகளைப் பார்க்க மெய்ஜி பேரரசர் காலத்தில் தங்கோசாகா மேட்டில் கூட்டம் அலைமோதும். ஆனால் நகரம் பெருகப் பெருக மரங்களுக்கு மூச்சு முட்டியது. புகை சூழ்ந்தது, வெயில் விழும் இடம் குறைந்தது. நிலநடுக்கத்துக்குப் பிறகு அதே இடத்தில் மீண்டும் தோட்டம் போடுவதில் தோட்டக்காரர்கள் பலருக்கு நம்பிக்கை இல்லை. நல்ல தண்ணீர், நல்ல மண், நல்ல காற்று மூன்றும் கிடைக்கும் இடத்தைத் தேடினார்கள். டோக்கியோவுக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டரில், ஓமியாவை அடுத்த காட்டு நிலம் அவர்களுக்குப் பிடித்துப்போனது. செய்தாய்-என் தோட்டத்தின் ஷிமிஸு போன்றவர்கள் முன்னின்று 1925இல் அங்கே குடியேறினார்கள். உலகின் போன்சாய் ஆர்வலர்கள் இன்றும் தேடிப் போகும் ஓமியா போன்சாய் கிராமம் உருவானது இப்படித்தான்.

இடம் தேடியவர்கள் தண்ணீருக்கு அத்தனை முக்கியத்துவம் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. தரையில் நிற்கும் மரம் ஈரத்தைத் தேடி வேரை ஆழத்துக்கு அனுப்பும். சில அங்குல ஆழமே உள்ள தொட்டியில் நிற்கும் மரத்துக்கு அந்த வழி கிடையாது. கடும் கோடையில் ஒரே ஒரு நாள் மறந்தால் போதும், நூறு வருடம் வாழ்ந்த மரமும் காய்ந்துவிடும். அதனால்தான் தண்ணீர் விடக் கற்பதற்கே மூன்று ஆண்டு ஆகும் என்று ஜப்பானியத் தோட்டங்களில் காலங்காலமாகச் சொல்கிறார்கள். புதிதாகச் சேருகிறவர் கையில் முதலில் வருவது கத்தரியல்ல, பூவாளிதான். சல்லடைபோல் நுண்துளை கொண்ட அதன் வாயிலிருந்து மழைபோல் விழும் நீர் மேல்மண்ணை அரிக்கக் கூடாது. முதல் சுற்றில் மண்ணை நனைத்துவிட்டு, அது ஊறும்வரை பொறுத்து, மறுபடி ஊற்ற வேண்டும். தொட்டியின் அடித்துளை வழியே நீர் வடியும்போது அந்த மரத்துக்குப் போதும் என்று பொருள். பைன் கொஞ்சம் காய்ந்த மண்ணைப் பொறுத்துக்கொள்ளும், மேப்பிள் பொறுக்காது. அருகருகே இருக்கும் இரண்டு தொட்டிகளுக்கே அளவு வேறுபடும். காலையில் மேல்மண்ணின் நிறத்தைப் பார்த்தே எந்த மரத்துக்குத் தாகம் என்று சொல்லப் பழகுவதற்குப் பல கோடைகள் வேண்டும்.

குடியேறியவர்கள் 1928இல் தங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு செய்துகொண்டார்கள். இந்த ஊரில் வசிப்பவர் குறைந்தது 10 போன்சாய்களாவது வைத்திருக்க வேண்டும். வாசற்கதவைத் திறந்தே வைத்து, வருகிறவர்களைப் பார்க்க விட வேண்டும். மாடி வீடு கட்டக் கூடாது. மதில் எழுப்பாமல் உயிர்வேலி வளர்க்க வேண்டும். தொழில்காரர்கள் தமக்குத் தாமே எழுதிக்கொண்ட இந்த விதிகள் வியக்கத்தக்கவை. மாடி இல்லாவிட்டால் பக்கத்துத் தோட்டத்தின் வெயிலை யாரும் மறைக்க முடியாது. கதவு திறந்தே இருந்தால், வாங்க வராதவரும் மரம் எப்படி வளர்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

அப்படி எட்டிப் பார்த்தவர்களின் கண்ணில் முதலில் பட்டிருக்கக்கூடியது கம்பி. கிளைகளைக் கயிற்றால் இழுத்துக் கட்டி வளைத்த பழைய முறையின் இடத்தை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்க காலத்தில் உலோகக் கம்பி பிடித்துக்கொண்டிருந்தது. நெருப்பில் வாட்டி மென்மையாக்கிய செம்புக் கம்பியைக் கிளையின்மேல் ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் சுற்றுவார்கள். தளர்வாகச் சுற்றினால் கிளை திரும்பிவிடும், இறுக்கினால் பட்டை நசுங்கும். பிறகு இரண்டு கட்டைவிரல்களையும் வளைவின் உட்புறம் முட்டுக்கொடுத்து, மெல்ல மெல்ல வளைக்க வேண்டும். கிளை பருத்துக் கம்பி பட்டைக்குள் புதையத் தொடங்கும் முன்பே அதை எடுத்துவிட வேண்டும். பிரித்தெடுக்க முயல்வதைவிடத் துண்டு துண்டாக வெட்டி எடுப்பது பாதுகாப்பு. இதில் அவசரப்பட்டால் அந்த வடு பல ஆண்டுகள் மறையாது.

கருப்பு பைன் வளர்ப்பவருக்கு இன்னொரு பாடமும் உண்டு. வசந்தத்தில் நிமிர்ந்து நீளும் புதுத் தளிர்களைக் கோடையின் தொடக்கத்தில் அடியோடு கிள்ளிவிடுவார்கள். மரம் இரண்டாம் முறை துளிர்க்கும். அந்தத் துளிரின் ஊசியிலைகள் குட்டையாகவும் அடர்த்தியாகவும் வரும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தொட்டி மாற்றும் வேலை வரும். வேரைக் கவாத்து செய்து, அகடமா எனும் குருணைச் செம்மண்ணை இட்டு, உணவுக் குச்சியால் வேர் இடுக்குகளில் மண்ணைக் குத்தி இறக்குவார்கள்.

1930களில் கிராமத்தில் ஏறத்தாழ 30 தோட்டங்கள் இருந்தன. 1934இல் டோக்கியோவின் உவேனோ கலைக்கூடத்தில் கொகுஃபு போன்சாய் கண்காட்சி தொடங்கியதும், ஓவியத்தோடும் சிற்பத்தோடும் சரிசமமாகத் தொட்டி மரத்துக்கும் இடம் கிடைத்தது. ஆனால் இரண்டாம் உலகப் போர் வந்தது. போன்சாய் ஆடம்பரம் என்று பழிக்கப்பட்டது, தோட்டங்களின் இளைஞர்கள் படைக்குப் போனார்கள். தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் அழிந்த மரங்கள் எத்தனையோ. 1929இல் கியூகா-என் தோட்டத்தைத் தொடங்கிய முராத்தா கியூஸோ, அந்த ஆண்டுகளிலும் விடாமல் மரங்களைக் காத்தவர்களில் ஒருவர். போர் முடிந்ததும் ஓமியாவின் கதவுகளைத் தட்டியவர்களில் அமெரிக்க ராணுவத்தினரும் அவர்கள் குடும்பத்தினரும் இருந்தார்கள். நேற்றுவரை எதிரிகளாக இருந்தவர்கள் இந்தத் தொழிலின் புது மாணவர்கள் ஆனார்கள்.

போருக்குப் பின் இங்கே தொழில் பழக வந்தவர்களில் ஒருவர் கிமுரா மசாஹிகோ. 15 வயதில் தோஜு-என் தோட்டத்தில் ஹமானோ மோதோசுகேயிடம் சேர்ந்து 11 ஆண்டுகள் கற்றார். பின்னாளில் ஜூனிப்பர் மரங்களைத் துணிச்சலாகச் செதுக்கி உலகப் புகழ் பெற்றார். அவரிடம் ஆறு ஆண்டுகள் பயின்ற அமெரிக்கர் ரயன் நீல், இப்போது ஓரிகன் மாநிலத்தில் தம் நாட்டு மலைகளின் பைன், ஜூனிப்பர் மரங்களை அதே ஒழுங்கோடு வளர்க்கிறார்.

ஆட்கள் மட்டுமல்ல, மரங்களும் கடல் கடந்தன. 1976இல் அமெரிக்க விடுதலையின் 200ஆம் ஆண்டுக்கு ஜப்பான் 53 போன்சாய்களைப் பரிசளித்தது. அவற்றில் ஹிரோஷிமாவின் யமாக்கி குடும்பத்து வெள்ளை பைன் ஒன்று. 1625 முதல் தொட்டியில் வளரும் மரம் அது. 1945இல் அணுகுண்டு விழுந்த இடத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டரில், மதில் ஒன்றின் மறைவில் நின்று பிழைத்தது. கொடுத்தவர்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. 2001இல் யமாக்கியின் பேரன்கள் அந்த மரங்கள் இருக்கும் வாஷிங்டனுக்கு வந்து மரத்தைத் தேடியபோதுதான் அந்தக் கதை காப்பாளர்களுக்குத் தெரிந்தது. குண்டு விழுந்த நாளுக்குப் பிறகும் அந்த மரத்துக்கு யாரோ தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். பாதுகாத்த மதிலைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு அந்தக் கைகளைப் பற்றி நாம் பேசுவதில்லை.

1989இல் முதல் உலகப் போன்சாய் மாநாடு ஓமியாவில் கூடியது. 2010இல் அங்கே அரசுப் பொறுப்பில் ஒரு போன்சாய் கலை அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஆனால் கிராமத்தின் தோட்டங்கள் இன்று விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிட்டன. சிற்றூர் புறநகராகிவிட்டது. நிலத்தின் விலையும் ஏறியது, பல ஆண்டுகள் பொறுமையாகத் தொழில் பழக வருகிறவர்களும் குறைந்தார்கள். எஞ்சிய தோட்டங்கள் புதியவர்களை வேறு வழியில் வரவழைக்கின்றன. செய்கோ-என் தோட்டத்தின் ஐந்தாம் தலைமுறையான யமாதா கயோரி, சின்னத் தொட்டியில் மரமும் புல்லும் பூவும் சேர்த்து நடும் முறையை வகுத்து, அதைக் கற்பிக்க வகுப்புகள் நடத்துகிறார். பெரிய பைனுக்குப் பக்கத்தில் போகத் தயங்குகிற நகரவாசியும் கைப்பிடி அளவுத் தொட்டியை எடுத்துப் போய் சன்னலோரம் வைக்கலாம். ஆண்டுதோறும் மே 3 முதல் 5 வரை நடக்கும் போன்சாய்த் திருவிழாவில் தெரு முழுக்கக் கடைகள். அங்கே முதல் மரம் வாங்குகிறவர் விற்பவரிடம் கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: கோடையில் இதற்கு ஒரு நாளைக்கு எத்தனை தடவை தண்ணீர்?