மாநில மேலவைகள்: இந்தியாவில் தோற்றமும் நீக்கமும்

மாநிலச் சட்டமன்றம் ஈரவைகளைக் கொண்டதாக இருக்கும்போது, அதன் இரண்டாவது அவை மேலவை எனப்படும். மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுப்பது சட்டப் பேரவை. மறைமுகத் தேர்தல், தனித் தொகுதித் தேர்தல், நியமனம் ஆகியவற்றால் உருவாவது மேலவை. இன்று இந்தியாவில் உத்தரப் பிரதேசம், பீகார், மகாராட்டிரம், கர்நாடகம், ஆந்திரப் பிரதேசம், தெலங்கானா ஆகிய ஆறு மாநிலங்களில் மட்டுமே மேலவை உள்ளது. தமிழ்நாட்டில் 1986 வரை இருந்தது.

குடிமையியல் பாடம் நடத்தும்போது மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "எம்.எல்.ஏ. தெரியும் ஐயா, எம்.எல்.சி. என்றால் யார்?" அந்தக் கேள்விக்கான விடையை வரலாற்றோடு சேர்த்துத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரில் உள்ள குழப்பம்

பழைய நூல்களில் "சென்னைச் சட்டமன்றக் கவுன்சில்" என்ற பெயரைக் காணும் மாணவர்கள், அதை மேலவை என்று எண்ணிவிடுகிறார்கள். 1861-ஆம் ஆண்டு இந்தியக் கவுன்சில்கள் சட்டப்படி உருவான கவுன்சில் மேலவை அன்று. மாகாணத்துக்கு அப்போது இருந்த ஒரே அவை அதுதான். ஆளுநரின் நிர்வாகக் குழுவோடு சில கூடுதல் உறுப்பினர்களைச் சேர்த்து அது அமைக்கப்பட்டது. அதன் உறுப்பினர்கள் அனைவரும் நியமனம் பெற்றவர்கள்.

1892-ஆம் ஆண்டுச் சட்டம் மறைமுகத் தேர்தலுக்குச் சிறு வாயில் திறந்தது. உறுப்பினர்கள் கேள்வி கேட்கவும் வரவு செலவுத் திட்டத்தைப் பற்றிப் பேசவும் உரிமை பெற்றனர். 1909-ஆம் ஆண்டு மிண்டோ-மார்லி சீர்திருத்தம் மாகாணக் கவுன்சில்களில் அரசு அலுவலர் அல்லாதோருக்குப் பெரும்பான்மை அளித்தது. 1919-ஆம் ஆண்டு மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தம் இரட்டை ஆட்சி முறையைக் கொணர்ந்தது. அதன்படி 1920-இல் நடந்த தேர்தலில் சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி வென்றது, அ. சுப்பராயலு ரெட்டியார் முதலாவது முதல்வரானார். பெண்களுக்கு வாக்குரிமை அளிக்க 1921-இல் தீர்மானித்ததும், பின்னர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி துணைத் தலைவராக வீற்றிருந்ததும் இந்த ஓரவைக் கவுன்சிலில்தான்.

உண்மையான மேலவை 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தால் வந்தது. சென்னை, பம்பாய், வங்காளம், ஐக்கிய மாகாணம், பீகார், அசாம் ஆகிய ஆறு மாகாணங்களுக்கு இரண்டு அவைகள் அளிக்கப்பட்டன. 1937 முதல் சென்னையில் 215 உறுப்பினர் கொண்ட பேரவையும், 54 முதல் 56 வரை உறுப்பினர் கொண்ட மேலவையும் இயங்கின. எனவே, 1937-க்கு முன் "கவுன்சில்" என்றால் முழுச் சட்டமன்றம். 1937-க்குப் பின் "கவுன்சில்" என்றால் மேலவை. இதை நினைவில் வைத்தால் குழப்பம் நீங்கும்.

அரசமைப்புச் சட்டம் வகுத்த முறை

விடுதலைக்குப் பின், மேலவை வேண்டுமா வேண்டாமா என்பதை அந்தந்த மாகாணத்தின் உறுப்பினர்களே முடிவு செய்யட்டும் என்று அரசியல் நிர்ணய சபை விட்டுவிட்டது. சென்னை, பம்பாய், மேற்கு வங்காளம், ஐக்கிய மாகாணம், பீகார், பஞ்சாப் ஆகியவை வேண்டும் என்றன. அசாம், ஒரிசா, மத்திய மாகாணம் வேண்டாம் என்றன. மைசூரும் ஈரவை மாநிலமாக இடம் பெற்றது.

மேலவையின் அமைப்பை அரசமைப்புச் சட்டத்தின் 171-ஆம் பிரிவு கூறுகிறது. உறுப்பினர் எண்ணிக்கை பேரவை உறுப்பினர் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 40-க்குக் குறையவும் கூடாது. தொடக்கத்தில் நான்கில் ஒரு பங்காக இருந்த இந்த உச்ச வரம்பு 1956-இல் ஏழாவது திருத்தத்தால் உயர்த்தப்பட்டது. இடங்கள் பின்வருமாறு பிரிக்கப்படும்:

மூன்றில் ஒரு பங்கினரை நகராட்சி முதலிய உள்ளாட்சி மன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பர்.
மூன்றில் ஒரு பங்கினரைப் பேரவை உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பர்.
பன்னிரண்டில் ஒரு பங்கினரைப் பட்டம் பெற்று மூன்று ஆண்டுகள் ஆனவர்கள் தேர்ந்தெடுப்பர்.
பன்னிரண்டில் ஒரு பங்கினரை, இடைநிலைப் பள்ளிக்குக் குறையாத கல்வி நிலையங்களில் மூன்று ஆண்டுகளேனும் பணியாற்றிய ஆசிரியர்கள் தேர்ந்தெடுப்பர்.
எஞ்சிய ஆறில் ஒரு பங்கினரை இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு இயக்கம், சமூக சேவை ஆகிய துறைகளிலிருந்து ஆளுநர் நியமிப்பார்.

உறுப்பினரின் பதவிக்காலம் ஆறு ஆண்டுகள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவர். பேரவையைப்போல இதைக் கலைக்க முடியாது. இது நிலையான அவை. ஆனால் 169-ஆம் பிரிவின்படி இதை அடியோடு நீக்கலாம். பேரவை தன் மொத்த உறுப்பினரில் பெரும்பான்மையோராலும், வந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கினராலும் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். பிறகு நாடாளுமன்றம் சாதாரணச் சட்டமாகவே அதை நிறைவேற்றலாம். அதற்கு மேலவையின் இசைவு தேவையில்லை. கலைக்க முடியாத அவையின் ஆயுள் இவ்வாறு பேரவையின் கையில் இருக்கிறது.

அதிகாரம் எவ்வளவு?

மாநில மேலவையை மாநிலங்களவையோடு ஒப்பிடுவது தவறு. நிதி மசோதா அல்லாத ஒரு மசோதாவை மேலவை முதல்முறை மூன்று மாதமும், பேரவை மீண்டும் நிறைவேற்றி அனுப்பினால் ஒரு மாதமும் மட்டுமே நிறுத்தி வைக்கலாம். அதன் பின் மசோதா நிறைவேறியதாகவே கருதப்படும். நிதி மசோதாவை 14 நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. நாடாளுமன்றத்தில் உள்ளது போன்ற கூட்டுக் கூட்டமும் இங்கே இல்லை. குடியரசுத் தலைவர் தேர்தலிலும் மேலவை உறுப்பினர்களுக்கு வாக்கு இல்லை. ஆகவே மேலவையால் தாமதப்படுத்த முடியும், தடுக்க முடியாது. எடுத்துச் சொல்ல முடியும், கட்டாயப்படுத்த முடியாது.

அமைச்சராவதற்கு மட்டும் இந்த அவையின் உறுப்பினர் பதவி போதும். 1952 தேர்தலில் சென்னைப் பேரவையின் 375 இடங்களில் காங்கிரசு 152 மட்டுமே பெற்றது. தேர்தலில் நிற்காத இராஜாஜியை ஆளுநர் ஸ்ரீபிரகாசா மேலவைக்கு நியமித்தார், அவர் முதலமைச்சரானார். வாக்காளர் முன் நிற்காத ஒருவர் நியமனத்தின் வழியே ஆட்சிக்கு வரலாமா என்ற வினா அன்றே எழுந்தது. 1967-இல் மக்களவை உறுப்பினராகத் தேர்வான அறிஞர் அண்ணா, முதலமைச்சரான பின் மேலவைக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். அண்மைக்காலத்தில் உத்தரப் பிரதேசத்தில் யோகி ஆதித்யநாத் 2017-இலும், மகாராட்டிரத்தில் உத்தவ் தாக்கரே 2020-இலும் இவ்வழியையே பின்பற்றினர்.

நீக்கங்கள்

மேலவை உறுப்பினர்கள் சிறிது சிறிதாகவே மாறுவதால், புதிய கட்சி பேரவையைக் கைப்பற்றினாலும் மேலவையில் பழைய கட்சியே சில ஆண்டுகள் வலுவாக இருக்கும். பல நீக்கங்களுக்கு இதுவே வேர். மேற்கு வங்காளத்தில் ஐக்கிய முன்னணி ஆட்சியில் 1969-இல் மேலவை நீக்கப்பட்டது. 1970-இல் பஞ்சாபிலும் நீங்கியது. ஆந்திரத்தில் 1983-இல் என்.டி. இராமராவ் பேரவையில் பெருவெற்றி பெற்றபோது மேலவையில் காங்கிரசே பெரும்பான்மை வகித்தது. 1985-இல் மேலவை நீக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் நடந்தது சற்று வேறு. 1986 தொடக்கத்தில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் பெரும்பாலான நகராட்சிகளை எதிர்க்கட்சியான தி.மு.க. கைப்பற்றியது. மேலவையின் மூன்றில் ஒரு பங்கு உள்ளாட்சி மன்றங்களிலிருந்து வருவதால், அடுத்த சுற்றில் அங்கே தி.மு.க.வின் பலம் கூடும் என்பது வெளிப்படை. மு. கருணாநிதியும் அப்போது மேலவை உறுப்பினராகவே இருந்தார். அந்நேரத்தில் திரைக்கலைஞர் ஒருவரை மேலவைக்கு நியமிக்கும் முயற்சியில் அவருடைய தகுதி பற்றிய சட்டச் சிக்கலும் எழுந்தது. மே மாதத்தில் எம்.ஜி.ஆர். அரசு நீக்கத் தீர்மானத்தைப் பேரவையில் நிறைவேற்றியது. நாடாளுமன்றச் சட்டத்தின்படி 1986 நவம்பர் 1 அன்று 63 உறுப்பினர் கொண்ட மேலவை மறைந்தது. அதன் கடைசித் தலைவர் ம.பொ. சிவஞானம்.

மீட்பு முயற்சிகள்

அதன்பின் தமிழ்நாட்டில் நடந்தது ஊஞ்சலாட்டம். தி.மு.க. ஆட்சியில் இருந்தபோது, 1989, 1996, 2010 ஆண்டுகளில், மேலவை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அ.தி.மு.க. ஆட்சிக்கு வந்தபோதெல்லாம், 1991, 2001, 2011 ஆண்டுகளில், வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. 2010-இல் நாடாளுமன்றம் 78 இடங்களுடன் மேலவை அமைக்கச் சட்டமே இயற்றியது. அதில் ஆசிரியர்களுக்கு 7 இடங்கள். தேர்தல் நடக்கும் முன்பே ஆட்சி மாறியது. அந்த அவை கூடவே இல்லை.

ஆந்திரத்தில் மேலவை 2007-இல் மீண்டும் வந்தது. மூன்று தலைநகர் மசோதாக்களை மேலவை தேர்வுக் குழுவுக்கு அனுப்பியதையடுத்து, 2020 சனவரியில் அதை நீக்கப் பேரவை தீர்மானித்தது. 2021 நவம்பரில் அத்தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. சம்மு காசுமீர் மேலவை 2019-இல் மாநில மறுசீரமைப்போடு முடிந்தது. மத்தியப் பிரதேசத்துக்கு 1956-இலேயே வழி செய்யப்பட்டும் மேலவை இன்றுவரை அமைக்கப்படவில்லை.

பிற கூட்டாட்சி நாடுகளில்

அமெரிக்க மாநிலங்களில் நெப்ராசுகா ஒன்றே 1937 முதல் ஓரவையோடு இயங்குகிறது. மற்ற 49 மாநிலங்களிலும் ஈரவை உண்டு. ஆசுதிரேலியாவில் குயின்சுலாந்து மட்டும் 1922-இல் மேலவையை நீக்கியது. கனடாவில் கியூபெக் 1968-இல் நீக்கியதோடு எல்லா மாகாணங்களும் ஓரவை ஆயின. செருமனியின் பவேரியாவில் இருந்த செனட் நம் மேலவைக்கு நெருங்கிய உறவு. தொழிற்சங்கங்கள், உழவர் அமைப்புகள், பல்கலைக்கழகங்கள், சமயச் சமூகங்கள் போன்றவற்றின் 60 பிரதிநிதிகள் அதில் அமர்ந்தனர். 1998-இல் பவேரிய மக்கள் பொதுவாக்கெடுப்பில் அதை நீக்கினர். அங்கே மக்களைக் கேட்டார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

எது இழப்பு?

மேலவையை எதிர்ப்போர் சொல்லும் காரணங்களை எளிதில் தள்ளிவிட முடியாது. செலவு உண்டு. தேர்தலில் தோற்றவர்களுக்கும் கட்சிக்கு வேண்டியவர்களுக்கும் அது புகலிடம் ஆனதுண்டு. ஆசிரியருக்கும் பட்டதாரிக்கும் தனி வாக்கு இருக்கும்போது, நெசவாளிக்கும் வயலில் உழைப்பவருக்கும் ஏன் இல்லை என்ற கேள்விக்கு, ஆசிரியனாக இருந்த என்னிடமும் நேர்மையான விடை இல்லை. தொடக்கப் பள்ளி ஆசிரியருக்குக்கூட அந்த வாக்கு இல்லை.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நகராட்சி மன்ற உறுப்பினர் ஒருவர் அனுப்பிய பிரதிநிதி மாநிலச் சட்டமன்றத்தில் எழுந்து பேசும் வாய்ப்பு மேலவையில் மட்டுமே இருந்தது. வகுப்பறையை அறிந்தவர்கள் கல்வி மசோதாவின் மீது கருத்துச் சொல்ல ஒதுக்கப்பட்ட நாற்காலிகளும் அங்கேதான் இருந்தன. அவை போனபின், அந்தப் பணியைச் செய்ய வேறொரு அமைப்பை நாம் உருவாக்கவில்லை. பேரவையிலேயே மசோதாக்களை ஊன்றிப் படிக்கும் குழுக்களை வலுப்படுத்தியிருந்தால், மேலவை இல்லாத குறை தெரிந்திருக்காது. பல மசோதாக்கள் இன்று அறிமுகமான சில நாட்களிலேயே நிறைவேறிவிடுகின்றன.

ஆகவே மாணவர்கள் சிந்திக்க வேண்டியது, மேலவை வேண்டுமா வேண்டாமா என்பதோடு நின்றுவிடக் கூடாது. ஒரு சட்டத்தை இரண்டாம் முறை படித்துப் பார்ப்பவர் யார், அவரை அனுப்புவது யார் என்பதையும் கேட்க வேண்டும். அந்தக் கேள்வி ஓரவை மாநிலத்துக்கும் உண்டு, ஈரவை மாநிலத்துக்கும் உண்டு.