நம என்னுஞ் சொல்

வடமொழியில் வணக்கத்தை உணர்த்துஞ் சொற்களுள் மிகத் தொன்மையானது 'நம' என்பதாம். இது வளைதல், குனிதல் எனப் பொருள்படும் 'நம்' என்னுந் தாதுவினடியாகப் பிறந்தது. ஆகவே, தலையும் உடலுந் தாழ்தலே இதன் முதற்பொருள். 'எனதன்று' எனப் பொருள்படும் 'ந மம' என்பதே இங்ஙனமாயிற்றெனக் கூறுவாருமுளர். அஃது அன்பான் விரித்த பொருளேயன்றி இலக்கணத்தான் அமைவதன்று.

இச்சொல்லோடு இயையும் பெயர் நான்காம் வேற்றுமை ஏற்குமெனப் பாணினி முனிவர் விதித்தனர். அச்சூத்திரத்திலேயே தேவர்க்கு அவிசொரியும் 'சுவாகா'வும், பிதிரர்க்குரிய 'சுவதா'வும் உடன் ஓதப்பட்டன. அவை பொருளைக் கொடுத்தற்கண் வருவன. நம என்பதோ வணங்குவோன் தன்னையே கொடுத்தற்கண் வருவதெனக் கொள்ளுதல் தகும். 'எனதன்று' என்றார் கருதிய பொருளும் இவ்வாற்றாற் பெறப்படுதல் காண்க.

தைத்திரீய சங்கிதையின் நான்காங் காண்டத்து ஸ்ரீருத்திரம் 11 அநுவாகங்களையுடையது. இச்சொல் பயின்று வருதலின் அது 'நமகம்' எனவும் பெயர்பெறும். அங்கே தச்சர், தேர்செய்வார், குயவர், கள்வர்தந் தலைவன், நாய்கள் என அனைத்துக்கும் வணக்கங் கூறப்படுகின்றது. இஃது எல்லாப் பொருளினும் இறைவன் நிறைந்துநிற்றலைக் கருதியதாம். எட்டாம் அநுவாகத்திலேயே திருவைந்தெழுத்து விளங்குகின்றது.

தமிழில் இத்தொடர் 'நமச்சிவாய' என வழங்கும். இதன்கண் உள்ள சகரவொற்று, 'நம' என்பதன் ஈற்று விசர்க்கம் வருமொழிச் சகரத்திற்கேற்பத் திரிந்ததாம். 7-ஆம் நூற்றாண்டிற் சம்பந்தரும் அப்பரும், பின்னர்ச் சுந்தரரும் நமச்சிவாயத் திருப்பதிகங்கள் அருளினர். வேற்றுமைத் தொடராயிருந்த இது காலப்போக்கில் ஒரு பெயராகவும் நின்றது. திருவாவடுதுறை ஆதீன முதற்குரவர் நமசிவாயமூர்த்திகள் எனப்படுதல் அதற்குச் சான்று.

இனி, 'நமச்சிவாய' என்பதும் 'சிவாயநம' என்பதும் ஒன்றோ வேறோ என ஐயுறுவாருமுளர். சொற்பொருள் நோக்கின் இரண்டும் 'சிவனுக்கு வணக்கம்' என்னும் ஒன்றேயாம். நான்காம் வேற்றுமை நிற்றலின் சொற்கள் முன்பின் மாறினும் பொருள் மாறாது. எழுத்துப்பொருள் நோக்கின் வேறாம். நகரம் திரோதம், மகரம் மலம், சிகரம் சிவம், வகரம் அருள், யகரம் உயிர் என்பது உண்மைவிளக்கம், திருவருட்பயன் முதலிய சாத்திரங்களின் கொள்கை. ஆகலின் நகரமகரம் முன்னிற்பின் பாசம் முற்பட்டு நிற்கும். சிகரவகரம் முன்னிற்பின் சிவமும் அருளும் முற்பட்டு உயிரைத் தாங்கும். வீடு வேண்டுவார் சிகரம் முதலாக ஓதுக என்றது இதுபற்றியேயாம்.

இவ்வேறுபாடு உணராதார் ஒன்றைக்கொண்டு மற்றொன்றை இகழ்வர். உணர்ந்தார்க்கோ சொற்பொருள் பணிவைத் தரும். எழுத்துப்பொருள் அப்பணிவால் நீங்குவதும் அடைவதும் இவையெனக் காட்டும் என்க.