பேராதனை மாணவரின் கிழமைச் செலவு

கண்டி மாநகருக்குத் தென்மேற்கே, ஹந்தானை மலையின் அடிவாரத்தில், மகாவலி கங்கை வளைந்து செல்லும் தாழ்வரையிலே பேராதனைப் பல்கலைக்கழகம் அமைந்திருக்கின்றது. அதன் எழிலைப் புகழாதார் இலர். ஆயினும், அங்கே மூன்று நான்கு ஆண்டுகள் வாழ்ந்து பட்டம் பெற்றுச் சென்றோரைக் கேட்டால், மலையையும் ஆற்றையும் பற்றிச் சொல்வதற்கு முன்னரே பலர் வேறொன்றை நினைவுகூர்வர். அதாவது, கிழமையின் கடைசி நாட்களிற் கையில் எஞ்சிய சில்லறையை எண்ணிப் பார்த்து, இரவுச் சாப்பாடா, நாளைக் காலைச் சாப்பாடா, எதனை விடலாம் என்று கணக்கிட்ட கதையை. இலங்கையிற் கல்வி இலவசம் என்பதை நேயர்கள் யாவரும் அறிவர். சோறு இலவசமன்று என்பதை மாணவர் அறிவர்.

படிக்கும் பிள்ளை எதை உண்பது என்ற வினா புதியதன்று. பதினோராம் நூற்றாண்டிலே, முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில், இன்றைய விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த எண்ணாயிரம் என்னும் ஊரில் ஒரு கல்விச்சாலை நடைபெற்றது. அவ்வூர்க் கல்வெட்டு அங்கு பயின்ற 340 மாணவரின் உணவுக் கணக்கையே கல்லிற் பொறித்து வைத்திருக்கின்றது. இளைய மாணவர் 270 பேருக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல். மூத்த மாணவர் 70 பேருக்கு ஒரு குறுணி இரு நாழி நெல். அக்கல்விச்சாலை மறையோதும் குடிப்பிறந்தார்க்கு மட்டுமே உரியதாயிருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால், பாடத்தை ஏற்படுத்தியவர்கள் படியையும் சேர்த்தே அளந்தார்கள்.

பேராதனையின் கதைக்கு வருவோம். இலங்கைக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்ற இயக்கத்தைச் சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1906ஆம் ஆண்டிலே தொடக்கி வைத்தார். 1921இல் கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றிற்று. 1942ஆம் ஆண்டு யூலை மாதம் முதலாந் திகதி, அக்கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் இணைந்து இலங்கைப் பல்கலைக்கழகமாயின. எங்கே நிலையாக அமைப்பது என்பதிற் கொழும்புக்கும் கண்டிக்கும் நெடுநாள் வழக்காடல் நிகழ்ந்து, ஈற்றிற் பேராதனையே தெரிவு செய்யப்பட்டது. இத்தெரிவின் பொருளாதார விளைவை அக்காலத்திற் பலர் கருதினாரல்லர். கொழும்பிலேயே நிலைத்திருந்தால் அந்நகரத்துப் பிள்ளைகளாவது வீட்டிலே உண்டு, உறங்கிப் படித்திருப்பர். பேராதனை காட்டுக்கும் தேயிலைக்கும் நடுவே எழுந்த ஊர். அங்கு படிக்க வந்தவர் அனைவரும் வீட்டை விட்டே வரவேண்டியிருந்தது.

முதல் துணைவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ் அதைத்தான் விரும்பினார். மாணவர் ஒரே வளாகத்தில் உறைந்து, ஒரே கூடத்தில் உண்டு, ஆசிரியரோடு பழகிக் கல்வி பெறவேண்டும் என்பது ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் முறை. அம்முறைக்கேற்ப விடுதிகள் எழுந்தன. ஜயதிலக்க, அருணாசலம், ஹில்டா ஒபயசேகர, சங்கமித்தா முதலிய பெயர்கள் இன்றும் பழைய மாணவரின் நாவில் இனிக்கின்றன. 1952இற் கலைப்பீடம் கொழும்பிலிருந்து இங்கு வந்து சேர்ந்தது. 1954ஆம் ஆண்டு ஏப்பிரில் 20ஆந் திகதி எலிசபெத் அரசியார் முன்னிலையில் எடின்பரோக் கோமகன் பல்கலைக்கழகத்தை முறைப்படி திறந்து வைத்தார். வகுப்புகள் முன்னரே நடந்து கொண்டிருந்தமையால், வழக்கத்தைவிடக் கூடுதலாகத் திறந்து வைப்பதாக அவர் நகைச்சுவையோடு கூறினார். யாருக்குத் திறந்தது என்பதை அதன் பின்னுள்ள வரலாறு கூறவேண்டியிருந்தது.

திறவுகோலைச் செய்தவர் வேறொருவர். கல்வி அமைச்சராயிருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் முயற்சியால், பாலர் வகுப்புத் தொடக்கம் பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லாக் கல்வி 1945ஆம் ஆண்டு ஒக்டோபரிலே நடைமுறைக்கு வந்தது. தாமே உதவிச் சம்பளம் பெற்றுக் காலி றிச்மண்ட் கல்லூரியிற் பயின்ற அவர் சோற்றை மறந்தவரல்லர். அவர் நாடெங்கும் நிறுவிய மத்திய கல்லூரிகளுக்கு ஐந்தாம் வகுப்புப் பரீட்சையிற் சித்தியெய்திச் சென்ற கிராமத்துப் பிள்ளைகளுக்கு விடுதியும் உணவும் இலவசமாகவே கிடைத்தன. பல்கலைக்கழகத்திலோ விரிவுரைக்குக் கட்டணமில்லை. விடுதிக்கும் உணவுக்கும் கட்டணம் உண்டு. வறியவர்க்கென ஓரளவு உதவிப் பணம் இருந்ததாயினும், எல்லோர்க்கும் அது எட்டவில்லை.

பேராதனையிற் கலைப்பீடம் குடியேறி ஓராண்டு நிறையுமுன்பே சோற்றின் விலை நாட்டையே குலுக்கிற்று. 1953 யூலை மாத வரவு செலவுத் திட்டத்தில், பங்கீட்டு அரிசி கொத்து ஒன்று 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவும் நிறுத்தப்பட்டது. ஆகஸ்ட் 12ஆந் திகதி நாடளாவிய ஹர்த்தால் நடந்தது. பிரதமர் டட்லி சேனாநாயக்கா பதவி துறந்தார். ஒரு கொத்து அரிசியின் விலை ஓர் அரசாங்கத் தலைவரை வீட்டுக்கு அனுப்பியதைக் கண்ட நாட்டிலே, ஒரு மாணவனின் படிப்பை அது நிறுத்திவிடும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

1960ஆம் ஆண்டை ஒட்டிச் சிங்களமும் தமிழும் கலைப்பீடத்திற் போதனா மொழிகளாயின. அதுவரை ஆங்கிலங் கற்ற நகரத்தார் பிள்ளைகளே மிகுந்திருந்த இடத்திற்கு, உழவர், மீனவர், சிறுகடைக்காரர், கிராமத்து ஆசிரியர் ஆகியோரின் பிள்ளைகள் வந்து சேர்ந்தனர். ஒருவர்க்கென அமைந்த அறையில் இருவரும் மூவரும் தங்கினர். இடம் போதாமையால் ஹிந்தகல, மீவத்துறை, கன்னொறுவை முதலிய சுற்றூர்களில் வாடகை அறை தேடினர். விடுதிக் கூடத்தில் மணியடித்ததும் அனைவரும் ஒருங்கே அமர்ந்து உண்ணும் முறை காலப்போக்கில் நலிந்து, சிற்றுண்டிச்சாலையிற் காசு கொடுத்து உண்ணும் வழக்கம் நிலைபெற்றது. அன்று தொட்டுக் கிழமைக் கணக்கு மாணவனின் சொந்தக் கணக்காயிற்று. விடுதித் தலைவர் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, பதினெட்டு இருபது வயதுப் பிள்ளையின் தலையில் ஏறிற்று.

அக்கணக்கை அவர்கள் நடத்திய திறம் எந்தப் பொருளாதார நூலிலும் இடம்பெறத் தக்கது. காலையிற் பிளேன்டீயும் ஒரு பணிசும். பகலில் ஒரு சோற்றுப் பொதி. இரவிற் பாணும் பருப்பும் தேங்காய்ச் சம்பலும். பொதி பெரிதாயின் இருவர் பகிர்ந்தனர். வாடகை அறைகளில் நால்வர் ஐவர் சேர்ந்து காசு போட்டு அரிசி வாங்கி, முறை வைத்துச் சமைத்தனர். யாழ்ப்பாணத்து மாணவர் பொல்காவலையில் வண்டி மாறி வந்திறங்கும்போது, வீட்டில் வறுத்து இடித்த மிளகாய்த்தூளும் அரிசி மாவும் பனங்கட்டியும் அவர்களின் பெட்டியிற் பாதியை அடைத்திருக்கும். தவணைத் தொடக்கத்தில் அவர்களின் அறையை நாடி அயலறையார் வருவது வெறும் நட்பினால் மட்டுமன்று! கண்டிப் பட்டணத்துக்குச் செல்லப் பஸ் உண்டு, புகைவண்டி உண்டு; ஆயினும் மாதக் கடைசியில் நடந்து சென்று நடந்தே திரும்பினோர் பலர். பொழுதுபோக்குக்குச் செலவில்லாத ஹந்தானை மலை இருந்தது. திறந்தவெளி அரங்கின் மேட்டிலே அமர்ந்து கண்ட நாடகங்கள் இருந்தன.

நூல்களின் கதையும் இத்தகையதே. மூத்த மாணவரின் குறிப்புக் கொப்பி இளையவருக்கு வந்து, அவரிடமிருந்து அடுத்தவருக்குச் சென்றது. தேர்வு நெருங்கும்போது, பாடத்தை நன்கறிந்த மாணவர் ஒருவர் மற்றோரைக் கூட்டிவைத்துக் காசில்லாமற் கற்பிக்கும் வழக்கத்திற்குக் 'குப்பி' என்று பெயர். மின்னொளி இல்லா வீட்டிற் பிள்ளைகள் படிக்க உதவும் குப்பி விளக்கினின்று அப்பெயர் வந்தது என்பர். கண்டியின் வீடுகளில் மாலை வேளைகளிற் பாடஞ் சொல்லிக் கொடுத்துத் தம் செலவைத் தாமே தேடிக்கொண்டோரும் உளர்.

இவ்வளவு சிக்கனமும் செய்ய வாய்ப்புப் பெறாத ஒரு கூட்டத்தார் பல்கலைக்கழக வாயிலுக்கு மிக அண்மையிலேயே வாழ்ந்தனர். பேராதனையினின்று கலகாத் தெருவிற் சிறிது தொலைவு சென்றாற் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கும். பல்கலைக்கழகமே ஒரு தோட்டக் காணியின் மீது எழுந்ததுதான். அத்தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளர் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். அவர்களின் பிள்ளைகள் பயின்ற தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு முடிந்தன. இலவசக் கல்வி அங்கே பெயரளவிலே நின்றது. மேலே படிக்க விரும்பும் பிள்ளை கண்டிக்கோ, ஹற்றனுக்கோ, கம்பளைக்கோ செல்லவேண்டும்; அங்கு தங்கவேண்டும்; உண்ணவேண்டும். மற்றையோர்க்குப் பதினெட்டு வயதில் வந்த கிழமைக் கணக்கு, தோட்டத்துப் பிள்ளைக்குப் பத்து வயதிலேயே வந்தது. அதனைத் தாங்கமாட்டாமற் பல குடும்பங்கள் அவ்விடத்திலேயே பிள்ளையின் படிப்பை நிறுத்திக் கொழுந்துக் கூடையைக் கொடுத்தன. அறிவுக் குறைவினால் அவர்கள் பின்தங்கினர் என்று சொல்வது பொருந்தாது. விடுதிப் பணத்தினாலே பின்தங்கினர். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1977ஆம் ஆண்டளவிலேயே. கன்னங்கரா அவர்களின் திட்டம் பிறந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டிருந்தது.

1981இல் மாணவரின் சோற்றுக்கெனச் சட்டப்படி ஒரு நிதியம் தோன்றிற்று. வர்த்தக அமைச்சர் லலித் அத்துலத்முதலி அவர்கள் நிறுவிய மகாபொல உயர்கல்விப் புலமைப்பரிசில் நிதியமே அது. பின்னர் லொத்தர் வருவாயினின்றும் இந்நிதியத்துக்குப் பங்கு கிடைத்தது. ஏழை ஒருவர் அதிர்ஷ்டத்தை எதிர்பார்த்து வாங்கிய சீட்டின் ஒரு பகுதி, வேறோர் ஏழையின் பிள்ளைக்குச் சோறாயிற்று. அந்தப் பணத்தை எதிர்பார்த்தே விண்ணப்பிக்கத் துணிந்த குடும்பங்கள் நாடெங்கும் ஏராளம்.

ஆனால் உதவித் தொகை ஒரே இடத்தில் நிற்கும், விலைவாசி நிற்பதில்லை. 2015ஆம் ஆண்டளவில் மாதம் 5,000 ரூபாவாக உயர்ந்த மகாபொல, ஏறத்தாழப் பத்தாண்டுகள் அவ்வளவிலேயே இருந்தது. கிழமைக்குப் பிரித்தால் 1,150 ரூபா அளவு. நாளொன்றுக்கு 165 ரூபா. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவுப் பொருட்களின் விலை ஓராண்டுக்குள் 94.9 விழுக்காடு ஏறியிருந்தது. வேறு விதமாகச் சொன்னால், மாணவனின் கையிலிருந்த அதே தாள், முந்திய ஆண்டு வாங்கிய சோற்றிற் பாதியைத்தான் வாங்கிற்று. பகற் பொதியைப் பாதியாக்கி இரவுக்கு வைத்துக்கொள்ளும் பழைய வழக்கம் மீண்டும் வந்தது.

தோட்டத்தினின்று வந்த மாணவிக்கு இக்கணக்கு இன்னுந் துல்லியமாய்த் தெரியும். நெடுங்காலப் போராட்டத்தின் பின் 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1,000 ரூபாவாயிற்று. அவளுடைய ஒரு கிழமை உதவித்தொகையும், அவள் தாய் மலைச்சரிவில் ஒருநாள் முழுதும் கொழுந்து பறித்துப் பெற்ற கூலியும் அப்போது ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. வீட்டிலிருந்து மேலதிகமாக 500 ரூபா கேட்பதென்பது, தாயின் அரைநாள் உழைப்பைக் கேட்பதாயிருந்தது. ஆதலாற் பலர் கேட்கவில்லை.

2025 ஏப்பிரிலிலிருந்து மகாபொல 7,500 ரூபாவாகவும், ஏனைய உதவித்தொகை 4,000 ரூபாவிலிருந்து 6,500 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டன. மகாபொல பெறுவோருக்குக் கிழமைக்கு 1,730 ரூபா அளவு. தோட்ட நாட்கூலியும் 2024இல் 1,350 ரூபாவாக உயர்ந்திருந்தது. விடுமுறை முடிந்து ஹற்றன் பக்கத்திலிருந்து பேராதனைக்குத் திரும்பிய பிள்ளைகள் புத்தகப் பையோடு அரிசிப் பையொன்றையும், தேயிலைத் தூட் பொதியொன்றையும் முன்போலவே சுமந்து வந்தனர்.